தினமும் ஒரு படம் சேலஞ்ச்: எல்லாரும் கேக்குற டவுட்டும் என்னோட பதிலும்

செப்டம்பர் கடைசி வந்தா போதும், "அடுத்த மாசம் தினமும் ஒண்ணு வரையுற டெய்லி சேலஞ்ச் பண்ணலாம்னு இருக்கேன், ஆனா..."ன்னு மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். அந்த "ஆனா"வுக்கு அப்புறம் வர்ற கேள்வி பெரும்பாலும் ஒண்ணு தான், ஆள் தான் வேற. தனித்தனியா டைப் பண்ணி கை ஓஞ்சு போச்சு, அதனால மொத்தத்தையும் இங்க போட்டுடுறேன். கேள்வி எல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

டெய்லி சேலஞ்ச்னா என்னங்க? சும்மா தினமும் வரையுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு ஆரம்ப தேதி, ஒரு முடியுற தேதி, நடுவுல ஒரு ரூல், அவ்ளோ தான். எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் இங்க்டோபர். ஜேக் பார்க்கர்னு ஒரு இல்லஸ்ட்ரேட்டர் 2009ல தன்னோட இங்க் வேலை இன்னும் நல்லா வரணும்னு தனக்காக ஆரம்பிச்சது, அக்டோபர்ல 31 நாள், நாளுக்கு ஒரு இங்க் படம். அது அப்படியே உலகம் பூரா பரவிடுச்சு. மே மாசம் முழுக்க கடல்கன்னி வரையுற மெர்மே இருக்கு, 100 நாள் ஒரே வேலையை பண்ற சேலஞ்ச் இருக்கு, நீங்களே ஒண்ணு உருவாக்கிக்கவும் செய்யலாம்.

வித்தியாசம் எங்க வருதுன்னா, மூட் வந்தா மட்டும் வரையுறவங்க பெரும்பாலும் ஏற்கனவே நல்லா வர்றதையே வரைவாங்க, அது மனுஷ சுபாவம். சேலஞ்ச்ல மூட் இல்லாத நாளும் வரும், பிடிக்காத தலைப்பும் வரும், அன்னிக்கு தான் நமக்கு எது தெரியாதுங்கிறது பேப்பர்ல வந்து நிக்கும்.

இதனால நிஜமாவே வளர முடியுமா இல்ல இதுவும் ஒரு ட்ரெண்டா?

ட்ரெண்டும் தான், ஆனா வேலை செய்யும். முதல்ல குறையுறது ஆரம்பிக்கிற பயம். வெள்ளை பேப்பரை பாத்துட்டு அரை மணி நேரம் உக்காந்திருக்கிறவங்களுக்கு ரெண்டாவது வாரத்துலயே அது போயிடும், ஏன்னா இன்னிக்கு சொதப்பினா நாளைக்கு இன்னொண்ணு இருக்கு. அடுத்தது, முடிக்கிற பழக்கம். நிறைய பேர் ஸ்கெட்ச்புக்ல முகம் இருக்கும், உடம்பு இருக்காது, பேக்கிரவுண்ட் இருக்கவே இருக்காது. தினமும் ஒண்ணை முடிச்சே ஆகணும்னா எங்க நிறுத்துறது, எதை விட்டுடுறதுன்னு முடிவு எடுக்க வேண்டி வருது, அது தனி ஸ்கில், கிளாஸ்ல யாரும் சொல்லிக்கூட தர மாட்டாங்க.

இன்னொண்ணு, இடைவெளி விட்டு பண்ற பயிற்சி நல்லா மனசுல நிக்கும். ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் மனோதத்துவ ஆய்வாளர் 1885லயே மனப்பாடத்தை வச்சு இதை காட்டினாரு, கைவேலைக்கும் இது பொருந்தும்னு பின்னாடி வந்தவங்க காட்டினாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் உக்காந்து வரையுறதை விட தினமும் அரை மணி நேரம் மேல்னு நான் சொல்றதுக்கு அதான் காரணம். ஆனா பெர்ஸ்பெக்டிவ் (தூரத்துல இருக்கிறது சின்னதா தெரியுற கணக்கு), அனாடமி (உடம்போட அமைப்பு) மாதிரி படிச்சு தெரிஞ்சுக்க வேண்டியது எல்லாம் வெறுமனே தினமும் வரைஞ்சா தானா வராது, அதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி இதுக்கு திரும்ப வர்றேன்.

நான் இப்போ தான் கத்துக்கிறேன், என்னால இதெல்லாம் முடியுமா?

முடியும், ஆனா பெரிய ஆர்ட்டிஸ்ட் பண்ற சேலஞ்சை அப்படியே எடுக்காதீங்க. அவங்க ஒரு மணி நேரத்துல போடுற படம் அவங்களோட பத்து பதினஞ்சு வருஷம் சேர்ந்தது. நீங்க ரூலை சின்னதாக்குங்க: உள்ளங்கை அளவு கட்டம், ஒரு பேனா, வீட்ல இருக்கிற ஒரு பொருள். ஏழு நாள். முடிஞ்சா அடுத்த ஏழு நாள்.

ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஒதுக்கணும்?

ரொம்ப மோசமான நாள்ல உங்களால எவ்ளோ முடியுமோ அதை குறைஞ்சபட்சமா வைங்க. பெரும்பாலானவங்களுக்கு அது 10, 15 நிமிஷம். நல்ல நாள்ல ரெண்டு மணி நேரம் உக்காருங்க, யாரு வேணாம்னா. நிறைய பேர் முதல் மூணு நாள் ஆசையில மூணு மணி நேரம் போட்டு கலர் எல்லாம் அடிச்சு முடிப்பாங்க, நாலாவது நாள் அதே தரத்துல வரணுமேன்னு பயந்தே பேனாவை எடுக்க மாட்டாங்க, ஆறாவது நாள் ஆளே காணோம். முதல் நாள் வேணும்னே சுமாரா பண்ணுங்கன்னு நான் சொல்றது இதனால தான்.

வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள உயிர் போயிடுது, எப்போங்க வரையுறது?

காலையில, இல்லன்னா வேலைக்கு நடுவுல. ராத்திரி தூங்கப் போறப்போ வரையலாம்னு வச்சா அது தூக்கத்தோட போட்டி போடும், தூக்கம் தான் ஜெயிக்கும். முந்தின நாளே என்ன வரையப் போறோம்னு ஒரு வரி எழுதி பேப்பரையும் பேனாவையும் மேல எடுத்து வச்சுடுங்க, பாதி சோம்பல் அங்கயே தீர்ந்துடும். டேப்லெட் சார்ஜ் போட்டிருக்கா, பென்சில் சீவியிருக்கான்னு தேட ஆரம்பிச்சா அந்த 15 நிமிஷமும் அதுலயே ஓடிடும்.

பிராம்ப்ட் லிஸ்ட் பாத்து வரையுறதா இல்ல நானே தலைப்பு எடுக்கிறதா?

உங்களுக்கு எது குறைவா இருக்குன்னு பாத்து முடிவு பண்ணுங்க. பிராம்ப்ட் லிஸ்ட், அதாவது நாளுக்கு ஒரு தலைப்புன்னு போட்ட பட்டியல், வளர்க்குறது கற்பனையை. "உடைஞ்சது"ன்னு ஒரு வார்த்தை வந்தா எல்லாருக்கும் முதல்ல தோணுறது உடைஞ்ச கண்ணாடி, உடைஞ்ச இதயம். அந்த முதல் ரெண்டையும் எழுதிட்டு அடிச்சுடுங்க, மூணாவதா இல்ல நாலாவதா தோணுறதை எடுங்க, உடைஞ்சதை ஒட்டுற ஆளை வரையலாம், உடைக்கிறதுக்கு முந்தின செகண்டை வரையலாம். இதை ஒரு மாசம் பண்ணா ஐடியா வரலங்கிற புலம்பல் கணிசமா குறையும்.

ஆனா பிராம்ப்ட் லிஸ்ட் கையை வளர்க்காது. ஒரு நாள் டிராகன், அடுத்த நாள் சைக்கிள், அதுக்கு அடுத்த நாள் மழைன்னு போனா எந்த ஒரு விஷயத்தையும் ரெண்டாவது தடவை சரி பண்ணிப் பாக்க வாய்ப்பே இல்லை. கை வளரணும்னா ஒரே விஷயத்தை பிடிங்க. என்னைக் கேட்டா, கத்துக்கிற நிலைல இருக்கிறவங்களுக்கு பிராம்ப்ட் லிஸ்ட்டை விட இது தான் பலன் தரும், ஆனா போஸ்ட்ல பாக்க அவ்ளோ கவர்ச்சியா இருக்காது, அதனால யாரும் சொல்றது இல்லை.

ஒரே விஷயத்தையே வரைஞ்சா போரடிக்காதா?

மூணாவது நாள் அடிக்கும். அதைத் தாண்டினா தான் பாக்கவே ஆரம்பிப்போம். கையை எடுத்துக்கோங்க. எழுதாத கையை முன்னாடி வச்சு ஒரு வாரம் வரைங்க. முதல் நாள் நாலு விரலும் ஒரே நேர்கோட்டுல இருந்து கிளம்புற மாதிரி வரைவோம். ரெண்டாவது நாள் தான் கவனிப்போம், முட்டிங்க நேர்கோட்டுல இல்லை, வளைவா இருக்கு, நடுவிரல் முட்டி தான் மேல நிக்குது. அடுத்து கட்டைவிரல், அது உள்ளங்கையோட பக்கவாட்டுல திடீர்னு முளைக்கல, கிட்டத்தட்ட மணிக்கட்டு பக்கத்துல இருந்தே கிளம்புது. அப்புறம் ஒரு நாள், பின்பக்கம் பாத்தா விரல் நீளமாவும் உள்ளங்கை பக்கம் பாத்தா குட்டையாவும் தெரியுதேன்னு முழிப்போம். பின்பக்கம் முட்டியில இருந்து விரல் ஆரம்பிக்கிற மாதிரி தெரியும், முன்பக்கம் விரலுக்கு நடுவுல இருக்கிற தோல் அதோட அடிப்பாகத்தை மறைச்சிடும், அதான் விஷயம். வாரக் கடைசில கையை பாக்காம ஞாபகத்துல இருந்து வரைஞ்சு பாருங்க, எது மண்டைல ஏறிச்சு எது ஏறலன்னு அந்த ஒரு படமே சொல்லிடும்.

ஹோகுசாய் தெரியும்ல, அந்த பெரிய அலை படம் போட்ட ஜப்பான் ஓவியர். 1842, 43ல, வயசு 80ஐ தாண்டினப்புறம், கெட்டது அண்டாம இருக்கணும்னு தினமும் காலையில ஒரு சிங்கம் வரைஞ்சுட்டு இருந்தாரு. 200க்கு மேல இன்னும் இருக்கு. ஆடுற சிங்கம், தூங்குற சிங்கம், மனுஷன் மாதிரி நடக்குற சிங்கம்னு ஒவ்வொண்ணும் வேற. அவருக்கே போரடிக்கலன்னா நமக்கு ஏழு நாள் தாங்காதா?

இங்க்லயே பண்ணணுமா? டேப்லெட்ல பண்ணா கணக்கில்லையா?

உங்க சேலஞ்ச், உங்க ரூல், எதுலயும் பண்ணலாம். இங்க்ல ஒரு நன்மை, அழிக்க முடியாது, அதனால கோடு போடுறதுக்கு முன்னாடியே பாத்து யோசிப்போம். பென்சில்ல சின்ன சின்னதா கீறிக் கீறி ஒரு கோட்டை உருவாக்குற பழக்கம் இருந்தா இங்க்ல அது ரோமம் முளைச்ச மாதிரி அசிங்கமா தெரியும், வேற வழியில்லாம ஒரே இழுப்புல போடக் கத்துப்பீங்க, நீளமான கோட்டுக்கு மணிக்கட்டை விட்டு முழங்கையில இருந்து இழுக்கணும்னு கை தானா கண்டுபிடிக்கும். மேல வாட்டர்கலர் அடிக்கப் போறீங்கன்னா வாட்டர்ப்ரூஃப் இங்க் தானான்னு ஒரு ஓரமா தண்ணி தொட்டு பாத்துக்கோங்க, இல்லன்னா படம் முழுக்க கரைஞ்சு ஓடும்.

டேப்லெட்ல பண்றவங்க அதே மாதிரி கட்டுப்பாட்டை தாங்களே வச்சுக்கணும். ஒரு லேயர் (அடுக்கடுக்கா பிரிச்சு வரையாம ஒரே அடுக்கு), ஒரு பிரஷ், அன்டூ (போட்ட கோட்டை திரும்ப எடுக்குற பட்டன்) கிடையாது. அன்டூ இல்லாம ஒரு வாரம் வரைஞ்சு பாருங்க, எத்தனை தடவை விரல் தன்னால அந்த பட்டனுக்குப் போகுதுன்னு உங்களுக்கே சிரிப்பு வரும்.

ரெஃபரன்ஸ் பாத்து வரைஞ்சா ஏமாத்துறதா?

இல்லவே இல்லை. வான்கோ கலைக்கு வந்த புதுசுல சார்ல் பார்க்ங்கிறவர் போட்ட ட்ராயிங் பயிற்சிப் பாடத்துல இருந்த படங்களை காப்பி பண்ணியே கத்துக்கிட்டாரு, சாகப்போற வருஷம் 1890லயும் அதை திரும்ப எடுத்து வரைஞ்சாரு. ரெஃபரன்ஸ் பாக்குறது படிப்பு. இன்னொருத்தர் படத்தை அப்படியே காப்பி பண்ணா பயிற்சிக்கு வச்சுக்கோங்க, போஸ்ட் பண்ணா யாரோடதுன்னு பேர் போடுங்க. ட்ரேஸ் பண்றது மட்டும் இந்த சேலஞ்சுக்கு ஆகாது, ஏன்னா அளவை கண்ணால எடுக்குற வேலையே அதுல இல்லை.

ரெண்டு நாள் விட்டுப் போச்சு. திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

வேணாம். விட்ட ரெண்டையும் சேத்து ஒரே நாள்ல மூணு படம் போடவும் வேணாம், அது கடன் அடைக்கிற மாதிரி ஆயிடும், அஞ்சு நாள் விட்டா மொத்தமா கைவிட்டுடுவீங்க. விட்ட நாள் விட்டதாவே இருக்கட்டும், அன்னிக்கு தேதி என்னவோ அதுல இருந்து போங்க.

21 நாள் விடாம பண்ணா பழக்கம் ஆயிடும்னு சொல்றாங்களே?

அது எங்க இருந்து வந்ததுன்னா, மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் ஆனவங்களுக்கு புது முகம் பழக குறைஞ்சது 21 நாள் கிட்ட ஆகுதுன்னு 1960ல எழுதினாரு. அதுல இருந்த "குறைஞ்சது"ங்கிற வார்த்தை வழியிலயே எங்கயோ விழுந்துடுச்சு. பின்னாடி லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேரை வச்சு பாத்தாங்க, 2010ல வந்த கட்டுரை, ஒரு வேலை தானா நடக்குற அளவுக்கு பழக சராசரியா 66 நாள், ஆளைப் பொறுத்து 18ல இருந்து 254 நாள் வரைக்கும். நடுவுல ஒரு நாள் விட்டா பெருசா எதுவும் கெடலன்னும் அதுலயே இருக்கு, அதனால மேல சொன்ன பதிலை நம்பலாம்.

அவங்க பாத்தது தண்ணி குடிக்கிறது, நடக்குறது மாதிரி சின்ன வேலைங்க. படம் வரையுறதுல பழக்கம் ஆகுறது என்னவோ உக்காந்து பேனாவை எடுக்குற வரைக்கும் தான், அதுக்கு அப்புறம் நடக்குறது எப்பவும் கொஞ்சம் கஷ்டமாவே தான் இருக்கும், இருக்கணும்.

தினமும் போஸ்ட் பண்ணியே ஆகணுமா? லைக்கும் வர மாட்டேங்குது

கட்டாயம் இல்லை. போஸ்ட் பண்றதுல ஒரு லாபம், நாலு பேர் பாக்குறாங்கன்னு விடாம பண்ணுவோம். நஷ்டம் பெருசு: எந்தப் படத்துக்கு லைக் வந்துச்சோ அதே மாதிரி அடுத்ததும் வரைய ஆரம்பிச்சிடுவோம், சேலஞ்ச் எதுக்கு ஆரம்பிச்சோம்ங்கிறதே மறந்துடும். கஷ்டமான கோணத்துல போட்ட கை படத்துக்கு லைக் வராது, அழகான கண்ணுக்கு வரும், ஆனா அன்னிக்கு நீங்க வளர்ந்தது கை படத்துல.

வாரத்துக்கு ஒரு தடவை ஏழையும் சேத்து போடுங்க, இல்ல வரையத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேருக்கு மட்டும் அனுப்புங்க. "சூப்பர்"னு வர்ற நூறு கமெண்டை விட "தோள்பட்டை ஒண்ணு மேல ஏறியிருக்கு பாரு"ன்னு வர்ற ஒண்ணு போதும்.

பாதி மாசம் ஆச்சு, முன்னாடி இருந்ததை விட கேவலமா வரையுறேன், ஏன்?

நிறைய பேர் இந்த இடத்துல தான் நிறுத்துறாங்க. பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, அசதி, அப்போ ரூலை பாதியா குறைங்க, ஒரு நாலு நாளைக்கு வெறும் ரெண்டு நிமிஷ ஜெஸ்ச்சர் (உடம்போட அசைவை மட்டும் வேகமா பிடிக்கிற படம்) மட்டும் போடுங்க. இன்னொண்ணு, உங்க கண் வளர்ந்துடுச்சு, கை இன்னும் வரல. போன மாசம் உங்களுக்கு தப்பாவே தெரியாத விஷயம் இப்போ தப்பா தெரியுது. எதுன்னு தெரிஞ்சுக்க, முதல் நாள் படத்தை எடுத்து பக்கத்துல வச்சு பாருங்க. அன்னிக்கு பிடிச்சிருந்த படத்துல இப்போ குறை தெரிஞ்சா அது ரெண்டாவது கேஸ், நிறுத்தாதீங்க.

முப்பது நாளும் ஒழுங்கா முடிச்சேன். ஆனா முதல் படத்துக்கும் கடைசிக்கும் வித்தியாசமே இல்லை. என்ன தப்பு?

இந்தக் கேள்வி வந்தா நான் திருப்பி ஒண்ணு கேப்பேன், முடிஞ்ச படத்தை மறுநாள் எடுத்து பாத்தீங்களா? பெரும்பாலும் இல்லைன்னு தான் பதில் வரும். வரையுறது, போட்டோ எடுக்குறது, மூடி வைக்கிறது, இதையே முப்பது தடவை பண்ணா ஒரே தப்பை முப்பது தடவை பழகினதா தான் ஆகும். மனோதத்துவ ஆய்வாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட இருந்தவங்களும் 1993ல வயலின் கத்துக்கிறவங்களை வச்சு எழுதின கட்டுரைல முக்கியமான விஷயமே அது தான், எவ்ளோ நேரம் வாசிச்சோம்ங்கிறதோட எந்தக் குறையை சரி பண்ண உக்காந்தோம்ங்கிறதும் சேரணும்.

அதனால படம் முடிஞ்சதும் பேப்பர் ஓரத்துல ஒரே ஒரு வரி எழுதுங்க. "நல்லா வரல"ன்னு எழுதினா பிரயோஜனம் இல்லை, "தலை உடம்புக்கு பெருசு", "நிழல் எல்லாம் ஒரே கறுப்பு, நடு டோனே இல்லை" இந்த மாதிரி. மறுநாள் அந்த ஒண்ணை மட்டும் சரி பண்ணப் பாருங்க, மத்தது எப்படிப் போனாலும் பரவால்ல. ஒரே வரி ஒரு வாரத்துல மூணு நாலு தடவை வந்துட்டா அது வரைஞ்சு தீர்ற விஷயம் இல்லை, படிச்சு தான் தீரும், ரெண்டாவது பதில்ல சொன்னேனே பெர்ஸ்பெக்டிவ், அனாடமின்னு, அது இது தான். அன்னிக்கு படத்தை விட்டுட்டு அந்தப் பாடத்தை எடுங்க, அந்தப் பாடத்துக்கு வரையுற குறிப்பே அன்னிக்கு சேலஞ்ச் கணக்குல சேரும்.

இதை பண்ணா என் ஸ்டைல் கிடைக்குமா?

தேடிப்போனா கிடைக்காது. நேரம் பத்தாம எதையெல்லாம் நீங்க திரும்பத் திரும்ப விட்டுடுறீங்க, எதை மட்டும் விடாம வரையுறீங்கன்னு மாசக் கடைசில பாருங்க. ஸ்டைல்னு ஒண்ணு வருதுன்னா அங்க இருந்து தான் வரும்.

கை வலிக்குது, தொடரலாமா?

பேனாவை இறுக்கிப் பிடிக்கிறீங்களான்னு முதல்ல பாருங்க, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை விடுங்க. மரத்துப் போறது, விரல் நுனியில சுருக்குன்னு குத்துறது, ராத்திரி வலில முழிப்பு வர்றது, இதெல்லாம் இருந்தா சேலஞ்சை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. எந்த 31 நாளும் ஒரு மணிக்கட்டை விட பெருசு இல்லை.

வருஷம் முழுக்க பண்ணலாமா? பீப்பிள்லாம் பண்ணாரே

பண்ணாரு. மைக் விங்கிள்மேன்ங்கிற டிஜிட்டல் ஆர்ட்டிஸ்ட், பீப்பிள்ங்கிற பேர்ல 2007 மே 1ல ஆரம்பிச்சு தினமும் ஒண்ணு போட்டாரு, முதல்ல கையால வரைஞ்சு அப்புறம் 3டிக்கு மாறினாரு. முதல் 5000 நாளை ஒரே படமா சேத்தது 2021 மார்ச்ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 6.9 கோடி டாலருக்கு மேல போச்சு. எல்லாரும் அந்த டாலரை தான் சொல்றாங்க, நடுவுல ஓடின பதிமூணு வருஷத்தையும் அவர் கருவியை மாத்திக்கிட்டதையும் யாரும் சொல்றது இல்லை. ஒரே ரூலோட வருஷம் பூரா ஓடினா அது வளர்ச்சியா இருக்காது, வெறும் வருகைப் பதிவேடா மாறிடும்.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. ஒரே நாள்ல முடியுற படங்களையே போட்டுட்டு இருந்தா மூணு வாரம் எடுக்குற படத்துக்கு பொறுமை குறைஞ்சிடும், திட்டம் போடுறது, அடிச்சுட்டு திரும்ப போடுறது எல்லாம் வேற தசை. அதனால ஒரு மாசம் சேலஞ்ச், ரெண்டு மூணு மாசம் பெரிய வேலைன்னு மாத்தி மாத்தி வைங்க. ஜப்பான் ஓவியர் ஆன் கவாராவோட தேதி ஓவியங்களைப் பாருங்க, 1966 ஜனவரி 4ல ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 50 வருஷம் போட்டாரு, மொத்தம் 3000 கிட்ட தான் வரும், அதாவது தினமும் இல்லை. அவரோட ரூல் வேற: அன்னிக்கு தேதியை எழுதுற ஓவியம் அன்னிக்கு நள்ளிரவுக்குள்ள முடியணும், முடியலன்னா அதை அழிச்சிடுவாரு. தினமும்ங்கிறது மட்டும் தான் ரூல்னு யாரும் சட்டம் போடல.

நான் வரையுறவ இல்லை, எழுதுறேன். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். ரூலை மட்டும் மாத்திக்கோங்க, 300 வார்த்தை இல்ல ஒரே ஒரு பேச்சுக் காட்சி. மறுநாள் திருப்பிப் பாத்து ஒரு வரி எழுதுறது அப்படியே இருக்கட்டும்.

சேலஞ்ச் முடிஞ்சதும் என்ன பண்றது?

ஒரு வாரம் சும்மா இருங்க. அப்புறம் எல்லாப் படத்தையும் தரையில வரிசையா பரப்பி வச்சு, ஓரத்துல எழுதின வரிங்களை மட்டும் படிங்க, படத்தைப் பாக்காம. எது அதிகமா வருதோ அது தான் அடுத்த சேலஞ்சோட தலைப்பு. அப்புறம் ஐடியா நல்லா இருந்து அவசரத்துல சொதப்பின ஒரே ஒரு படத்தை எடுத்து, தம்ப்நெயில் (சின்னச் சின்ன மாதிரிப் படம்) போட்டு, ரெஃபரன்ஸ் தேடி, ரெண்டு மூணு வாரம் எடுத்துக்கிட்டு பெருசா திரும்ப வரைங்க. மத்த 29ஐ தூக்கிப் போட வேணாம், ஆனா அதுல இருந்து போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது நம்ம திறமையை காட்ட வைக்கிற படத் தொகுப்புக்கு, எடுக்கலாமான்னு கேட்டா, ரெண்டு தேறினாலே அதிகம்.